காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து தொடங்குமுன் சிறுநீர் பிடிப்பது எப்படி

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால் சிறுநீர்த் தொற்றையும் சந்தேகிக்க வேண்டும். நெல்லைச் சீமையில் சூடு என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். எண்ணெயால் கெடுதல் இல்லை, அதில் போகும் இரண்டு நாள்தான் கெடுதல். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் தழும்பு விழலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளையென்றால் காய்ச்சல் கண்ட உடனே ஆஸ்பத்திரிதான்.

ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம். அதனால் முதலில் சிறுநீர், பிறகு மருந்து.

லேபில் சீல் பிரிக்காத டப்பா வாங்குங்கள். பால் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளைக்கு வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டால் வேண்டாம், அது கிருமியைக் கொன்று முடிவைப் பொய்யாக்கும். ஆண் பிள்ளையின் முன்தோலை இழுக்காதீர்கள். ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, இன்னொருவர் குளிர்ந்த சலைனில் (மருத்துவ உப்புநீர்) நனைத்த காஸ் துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்க்கலாம், ஐந்து நிமிடம் வரை. 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் இப்படித் தேய்த்த குழந்தைகளில் 31 சதவீதமும், தேய்க்காதவர்களில் 12 சதவீதமும் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தார்கள். முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதை 5 மில்லியாவது பிடியுங்கள். மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது.

பிள்ளையின் தோலில் ஒட்டிவைக்கும் பையில் பிடித்தால் தோல் கிருமியும் கலந்துவிடும். அதில் கிருமி இல்லையென்று வந்தால் நம்பலாம், இருக்கிறதென்று வந்தால் நம்ப முடியாது. டயப்பரைப் பிழிவது வீண் வேலை.

ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். களக்காட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் கொண்டுவருவதானால் சிறுநீர் டப்பாவை நன்றாக மூடி, ஐஸ் போட்ட இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். வெயிலில் கிருமி பெருகி எண்ணிக்கை தப்பாகும். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும். ஃபிரீசரில் வைக்காதீர்கள்.

ஒரே வகைக் கிருமி மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் தொற்று. இரண்டு மூன்று வகை கலந்திருந்தால் பெரும்பாலும் பிடித்த முறையில்தான் கோளாறு.

தொற்று உறுதியானால் ஸ்கேன் எடுப்பார்கள். ஆண் பிள்ளைக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே உள்ள வால்வு போன்ற சவ்வு அடைத்திருக்கலாம். வயிற்றைக் கிழிக்காமல் சிஸ்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே விட்டே அதை வெட்டிவிடுகிறார்கள். சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்பும் ரிஃப்ளக்ஸ் லேசானதாக இருந்தால் பெரும்பாலும் வளர வளரச் சரியாகும். ஆகாதவர்களில் சிலருக்குக் சிறுநீரகக் குழாய் சிறுநீர்ப் பையில் திறக்கும் வாயில் ஜெல் ஊசி போடுவதும் அதே வழியில்தான்.