கொருக்குப்பேட்டையில் இருந்தே பூமிக்குள் எட்டிப் பார்க்க

மொபைலில் அதிர்வு அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, தரைத்தள வீட்டில் பாய் விரிக்காத சிமெண்ட் தரையில் படுக்க வையுங்கள். வடசென்னை கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்றால், சரக்கு ரயில் போகும்போது திரையில் கோடு துடிக்கும். நிலநடுக்கமானியும் இதைத்தான் பல மடங்கு நுட்பமாகச் செய்கிறது.

அப்புறம் ஒரு நிலநடுக்கப் பதிவை இணையத்தில் எடுங்கள். நடுக்கத்தில் இருந்து கிளம்பி பூமிக்குள் பயணிக்கும் அதிர்வுகளில், முதலில் வந்து சேருவது வேகமான பி அலை, பின்னால் வருவது மெதுவான எஸ் அலை. பக்கத்து நடுக்கம் என்றால் இடைப்பட்ட விநாடிகளை 8-ஆல் பெருக்குங்கள், நடுக்கம் நடந்த இடத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்பது கிலோமீட்டரில் வந்துவிடும்.

சரி, ஆழத்துக்கு? எஸ் அலை திரவத்தில் போகாது. பூமியின் மறுபக்கத்து நிலையங்களுக்கு அது நேராக வந்து சேராததை வைத்துத்தான், சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் வெளிக்கரு, அதாவது பூமியின் மையப் பகுதியின் வெளி அடுக்கு, திரவம் என்று தெரிந்தது. அதற்குள்ளே இன்னொரு கரு இருப்பதை, வரக்கூடாத இடத்தில் வந்த பி அலைகளைப் பார்த்து 1936-இல் சொன்னவர் டென்மார்க் விஞ்ஞானி இங்கே லேமன். எவ்வளவு கூர்மையான கண் பாருங்கள்!