தள்ளுபடி வேண்டாம், டப்பாவுக்குக் காசு வாங்குங்கள்

வீட்டில் சமைத்து பார்சல் கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. ‘பாத்திரம் கொண்டு வந்தால் 5 ரூபாய் தள்ளுபடி’ என்று ஒட்டினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதையே ‘சாப்பாடு 75, டப்பா 5’ என்று பில்லில் தனி வரியாகப் போட்டுப் பாருங்கள். தொகை என்னவோ அதேதான். ஆனால் கையை விட்டுப் போகும் காசு உறுத்தும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் இதை ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள். சொந்தப் பைக்கு 5 சென்ட் தள்ளுபடி கொடுத்தபோது பழக்கம் ஏறக்குறைய மாறவே இல்லை. கடைப் பைக்கு 5 சென்ட் வரி வந்ததும் பை வாங்குவது நன்றாகவே குறைந்தது.

எவர்சில்வர் டப்பா என்றால் முன்பணம் வாங்கி, டப்பா வந்ததும் திருப்பிக் கொடுங்கள். நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022-இல் இப்படித்தான் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காட்டோரம் உடைந்து கிடந்து விலங்குகளின் காலைக் கிழித்த பாட்டில்கள் பெரும்பாலும் கடைக்கே திரும்பின. (குடித்த பிறகும் 10 ரூபாய் நினைவிருக்கிறது பாருங்கள்!)

அப்புறம், முன்பணத்தை உடனே கொடுத்துவிட வேண்டும். ‘சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க’ என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த டப்பா அவர்கள் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.