வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு: மாணவர் எழுத, ஆசிரியர் பார்த்து வெளியிட

வகுப்புக்கென்று வலைப்பதிவு தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது நல்ல தீம் (பக்கத்தின் தோற்றம்). அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாணவர் எழுதியது வெளியே போகும் முன் ஆசிரியர் கண்ணில் படுமா, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். என் வகுப்புக்கு நான் அமைத்த முறை இது.

படி 1: தளம்

ஆசிரியர் எழுதி மாணவர்கள் படித்தால் மட்டும் போதும் என்றால் கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரே போதும். ஆனால் அதில் ஆத்தராக (எழுதுபவராக) சேர்க்கப்பட்ட யாரும் தன் பதிவைத் தானே வெளியிட்டுவிடலாம். இடையில் நிறுத்திப் பார்க்க வழியில்லை. மாணவர்கள் எழுத வேண்டும் என்றால் என் பரிந்துரை வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான், அதுவும் பள்ளியின் சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்தில்) நிறுவியது. பள்ளிகளுக்கென்றே இயங்கும் எஜுபிளாக்ஸும் வேர்ட்பிரஸ் மீது கட்டப்பட்டதுதான்.

படி 2: கணக்குகள்

டேஷ்போர்டில் (வேர்ட்பிரஸின் நிர்வாகத் திரையில்) யூசர்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொரு மாணவரையும் சேருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஈமெயில் இருக்காது. உங்கள் ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு + போட்டு, அதன்பின் வரிசை எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். வேர்ட்பிரஸுக்கு அவை வேறு வேறு முகவரிகள். கடிதங்கள் எல்லாம் உங்கள் பெட்டிக்கே வரும். பாஸ்வேர்டை யாராவது மறந்தாலும் நீங்களே மாற்றித் தரலாம்.

யூசர்நேமில் முழுப்பெயர் வேண்டாம். பின்னால் அதை டேஷ்போர்டில் மாற்ற முடியாது, எழுதியவர் பக்கத்தின் முகவரியிலும் அது தெரியும். "malar7" மாதிரி ஆங்கில எழுத்தில் ஒன்று போதும்.

படி 3: ரோல்

ரோல் என்பது ஒருவர் தளத்தில் என்னென்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமைத் தொகுப்பு. எல்லா மாணவருக்கும் கான்ட்ரிபியூட்டர். இந்த ரோலில் இருப்பவர் எழுதலாம், வெளியிட முடியாது. பப்ளிஷ் பொத்தான் இருக்கும் இடத்தில் அவருக்கு "சப்மிட் ஃபார் ரிவ்யூ" வரும். பதிவு பெண்டிங்கில் வந்து உங்களுக்காகக் காத்திருக்கும்.

நான் வெகுநேரம் நின்ற இடம் இதற்கு அடுத்தது. எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் "படம் போட முடியவில்லை" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். அது கோளாறு இல்லை. கான்ட்ரிபியூட்டருக்குக் கோப்பு ஏற்றும் உரிமையே கிடையாது. இணையத்தில் தேடினால் "ஆத்தராக மாற்றுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மாற்றாதீர்கள்! படம் ஏற்றும் உரிமையோடு தானே வெளியிடும் உரிமையும் சேர்ந்து போய்விடும். இவ்வளவு பாடுபட்டு அமைத்தது வீண்.

இரண்டு வழிகள் உண்டு. யூசர் ரோல் எடிட்டர் என்ற பிளகின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்) போட்டு, கான்ட்ரிபியூட்டருக்குக் கோப்பு ஏற்றும் உரிமையை மட்டும் டிக் செய்யலாம். அப்படிச் செய்தால் மீடியா லைப்ரரியில் மற்றவர்கள் ஏற்றிய படங்களும் அவர்களுக்குத் தெரியும். நான் விரும்புவது இரண்டாவது வழி: மாணவர் படத்தை உங்களிடம் தரட்டும், நீங்கள் ஏற்றுங்கள். வேலை கூடுதல்தான். ஆனால் செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டு ஏற்ற உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

படி 4: திருத்துவது

பிழையை நீங்களே திருத்தி வெளியிட்டுவிடத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். "பறவைகள் பறந்தது" என்று எழுதியிருந்தால், பதிவின் மேலே "பன்மைக்கு எந்த வினைமுற்று வரும்?" என்று ஒரு வரி எழுதி, டிராஃப்டாக (வெளியிடாத வரைவாக) மாற்றித் திருப்பி அனுப்புங்கள். "பறந்தன" என்று அவரே மாற்றட்டும். ரிவிஷன்ஸைத் திறந்தால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மதிப்பெண்ணைவிட அந்தத் திரையைக் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

படி 5: பின்னூட்டம்

செட்டிங்ஸில் டிஸ்கஷன் போய், ஒவ்வொரு பின்னூட்டத்தையும் நீங்கள் அனுமதித்த பிறகே காட்டும்படி டிக் செய்யுங்கள். ரீடிங் பகுதியில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது; அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை.

சேர்க்கை: வெளியான பதிவை மாணவரால் திருத்த முடியவில்லை என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். கான்ட்ரிபியூட்டருக்கு அந்த உரிமையும் இல்லை. மறுபடி டிராஃப்டுக்குக் கொண்டுவந்தால் அவரால் திறக்க முடியும்.

இன்னொரு சேர்க்கை: "வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று செய்தி வந்தால், மாணவர் அதே பதிவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பொருள். பதிவை உங்கள் கைக்கு எடுக்கும் "டேக் ஓவர்" அழுத்தாமல், அவரைச் சேமித்துவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.