ஆன்லைனில் மிருதங்கம் வாங்குகிறீர்களா? பணம் கட்டும் முன் விற்பவரிடம் இந்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள்

போன வருடம் சித்திரையில் மகளை மிருதங்க வகுப்பில் சேர்த்தேன். காட்பாடி காந்தி நகரில் வகுப்பு. "22 இன்ச் ஒண்ணு வாங்கிடுங்கம்மா" என்றார் சார். அன்றிரவே போனில் தேடினேன். 14,999 ரூபாயை அடித்துவிட்டு 6,499 என்று போட்டிருந்த ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பில் 'ஃபுல் சைஸ், தொழில்முறைக் கலைஞர்களுக்கு' என்றிருந்தது. வாங்கிவிட்டேன்.

வந்ததை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். சார் வலந்தலையில், அதாவது வலது கை வாசிக்கும் தோல் முகத்தில், ஒரு பக்கம் தட்டினார், சற்றுத் திருப்பி மறுபக்கம் தட்டினார். "இது ஷோகேஸ்ல வைக்கிறதும்மா" என்று மெல்லச் சொன்னார். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்துவாச்சாரி வீடு வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது தடவை ஒன்றரை மாதம் அலசி, நல்லதாக ஒன்று வாங்கினேன். எப்படி என்பதை எழுதிவைக்கிறேன்.

படி 1: சாரிடம் கட்டையைக் கேளுங்கள்

இன்ச் மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கட்டைக்கு வேண்டும் என்றும் கேளுங்கள். கட்டை என்பது ஸ்ருதியின் அளவு. 1 கட்டை என்றால் கீபோர்டில் 'சி', 5 கட்டை என்றால் 'ஜி'. பொதுவாக 24 இன்ச் தக்கு (தாழ்ந்த) ஸ்ருதிக்கு, 22 இன்ச் ஹெச்சு (உயர்ந்த) ஸ்ருதிக்கு. ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை, மிஞ்சிப்போனால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். அதனால் 'எல்லா ஸ்ருதிக்கும் ஏற்றது' என்று எழுதியிருப்பவரை உடனே தள்ளிவிடுங்கள். அவருக்கு மிருதங்கம் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

தோலை இழுத்துப் பிடிப்பது தோல் வாரா, போல்ட்டா என்பதையும் கேளுங்கள். நாதத்துக்கு வார் கட்டியதுதான் என்பார்கள். ஆனால் வார் இழுத்துக் கட்டத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் போல்ட் வைத்ததையே வாங்குங்கள். ஒரு ஸ்பேனர் இருந்தால் வீட்டிலேயே ஸ்ருதி சேர்க்கலாம். நாங்கள் வாங்கியதும் அதுதான்.

படி 2: தலைப்பை விட்டுவிட்டுக் கடைசி வரிக்குப் போங்கள்

நான் ஏமாந்த பக்கத்தில் உண்மையும் இருந்தது, அடியில் பொடி எழுத்தில்: 'நீளம் 46 செ.மீ.' அதை 2.54-ஆல் வகுத்தால் 18 இன்ச். 22 இன்ச் என்றால் 56 செ.மீ. இருக்க வேண்டும்.

மரத்தின் பெயரையும் பாருங்கள். மிருதங்கத்துக்குப் பலா. மிருதங்கம் செய்பவர்களில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடிப் போய் வாங்குபவர்கள் உண்டு. 'பிரீமியம் வுட்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன மரம் என்று எழுத்தில் கேளுங்கள், பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கெட்டியாகப் பெயின்ட் அடித்த மிருதங்கத்தை நான் வாங்க மாட்டேன். பலாவின் மஞ்சளை எதற்கு மறைக்க வேண்டும்?

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். என்னுடையதை இப்படித் தேடியபோது அதே படம் மூன்று விற்பனையாளர்களிடம் மூன்று விலையில் இருந்தது. அடித்துக் காட்டிய விலையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மிருதங்கம் செய்பவர் ஒருவருக்குப் போன் போட்டு விலை கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

படி 3: வீடியோ

நான் தடுக்கி விழுந்த இடம் இது. மிருதங்கத்தின் உயிர் வலந்தலை நடுவில் இருக்கும் கருப்பு வட்டம், சாதம் அல்லது கரணை என்பார்கள். சாதாரணத் தோலைத் தட்டினால் சத்தம் வரும், ஸ்ருதி வராது. இந்தச் சாதம்தான் தோலின் மேல்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகளை) ஒழுங்குக்குக் கொண்டுவந்து நாதமாக்குகிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். அலங்காரத்துக்குச் செய்யும் மிருதங்கங்களில் பார்வைக்குக் கருப்பாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். புகைப்படத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அதனால் விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: தம்புரா ஆப்பில் உங்கள் கட்டையை ஓடவிட்டு, வலந்தலையில் 'நம்' என்று தட்ட வேண்டும். மிருதங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே சுற்றிலும் தட்டி வர வேண்டும். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே வீடியோ. எல்லாப் பக்கமும் ஒரே ஸ்ருதி பேச வேண்டும். ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கினால் உங்கள் காதுக்கே தெரியும். தெரியாவிட்டால் சாருக்கு அனுப்புங்கள். நான் கேட்ட ஐந்து பேரில் இரண்டு பேர்தான் அனுப்பினார்கள். மற்ற மூவரும் அதன்பின் பதிலே போடவில்லை.

படி 4: பார்சல் வந்ததும்

பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. எனக்கு முதலில் 'மியூசிக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது' என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். தலைப்பில் 'ஃபுல் சைஸ்', அடியில் 46 செ.மீ. என்று காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டும் டேப் வைத்து அளந்த படமும் கையில் இருந்தன. பதினோராம் நாள் பணம் வந்தது. அப்படியும் வராவிட்டால், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

பின்சேர்க்கை 1: குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். வீடியோ கேட்டு வாங்கியும் ஏமாந்திருக்கிறார், வேறொரு மிருதங்கத்தின் ஒலியை அதில் ஒட்டியிருக்கிறார்கள். இனி வீடியோவில் தட்டிக்கொண்டே உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: ராணிப்பேட்டைத் தம்பி ஒருவருக்கு மண் உடம்போடு, ஒரு வாய் பெரிதும் ஒரு வாய் மிகச் சிறிதுமாக ஒன்று வந்திருக்கிறது. அது 'கோல்' என்ற வங்காளத்து மேளம். பஜனைக்கு வாசிப்பது, அங்கே அதையும் 'மிருதங்கா' என்றே சொல்வார்கள். தேடும்போது 'கர்நாடக' என்று சேர்த்துத் தேடுங்கள், இரண்டு வாயின் அளவையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: அக்னி நட்சத்திரத்தில் ஆர்டர் போட்ட இருவருக்குத் தோல் கிழிந்து வந்திருக்கிறது. நம் வேலூர் வெயிலில் பார்சல் வண்டிக்குள் கிடந்தால் தோல் இன்னும் இறுகும். ஸ்ருதியை இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் ஆடி கழியட்டும் என்று காத்திருங்கள்.