கணைய நீர்க்கட்டிக்கு பெட் ஸ்கேன்: ரிப்போர்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணுமருத்துவத்துக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களின் ரிப்போர்ட்களைத் திருத்துவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. நாங்கள் பயிற்சியில் இருந்தபோது எழுதித் திட்டு வாங்கிய அதே வரிகள் இன்றும் வருகின்றன. வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை, ஊசிக்குப் பின் ஒரு மணி நேரக் காத்திருப்பு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதை டெக்னீஷியனே கவனித்துக்கொள்வார்.

ஒளிராத கட்டியைத் ‘தீங்கற்றது’ என்று முடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

எஃப்டிஜி என்பது பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரை. அது ஏறிய இடம்தான் படத்தில் ஒளிரும். அதை எடுத்துக்கொள்ள உயிருள்ள செல்கள் வேண்டும். நீர்க்கட்டிக்குள் இருப்பது திரவம் அல்லது மியூசின் என்னும் கொழகொழப்பான சளி. அங்கே எஃப்டிஜி ஏறாது. புற்று தொடங்கினால் மெல்லிய சுவரில் தொடங்கும், அல்லது சுவரிலிருந்து புடைத்த சின்ன முடிச்சில். பெட் கருவி பிரித்துக் காட்டக்கூடிய அளவே ஏறத்தாழ 5 மி.மீ. தான். அந்த அளவு முடிச்சின் ஒளிர்வு சுற்றிலும் பரவி மங்கிவிடும். போதாததற்கு, மூச்சு விடும்போது கணையம் மேலும் கீழும் நகர்கிறது. படமோ சில நிமிடங்களாகச் சேர்த்து எடுக்கப்படுவது. மிச்சமிருந்த ஒளிர்வும் அதில் கலைந்துவிடும்.

சமீபத்தில் என் மேசைக்கு வந்த ஒரு வரைவு: “கணைய வாலில் 3.4 செ.மீ. நீர்க்கட்டி, எஸ்யூவி 1.1, தீங்கற்றது.” எஸ்யூவி என்பது ஓரிடத்தில் எஃப்டிஜி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் எண். திரையில் பார்த்தால், எழுதிய பயிற்சி மருத்துவர் கட்டி முழுவதையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுச் சராசரி எடுத்திருக்கிறார். அதாவது, தண்ணீரை அளந்திருக்கிறார். எம்ஆர்ஐ படத்தைத் திறந்தாரா என்று கேட்டேன். இல்லை. திறந்தோம். பின்சுவரில் 7 மி.மீ. முடிச்சு, கான்ட்ராஸ்ட் (ஊசியில் போடும் படமருந்து) நன்றாக ஏறியிருக்கிறது. அதே இடத்தில் பெட்டில் உச்ச அளவு பார்த்தால் 2.3.

“2.5-க்குக் கீழேதானே மேடம்?” என்றார்.

எஸ்யூவி இதைத் தாண்டினால்தான் புற்று என்று கொள்ளும் இந்த 2.5 எங்கிருந்து வந்தது? இத்தாலியின் படுவா நகர அறுவை சிகிச்சைக் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த எல்லையைப் பயன்படுத்தி, புற்றுள்ள கட்டிகளை நன்றாகப் பிரித்துக் காட்டியது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அவ்வளவு நல்ல முடிவு வரவில்லை. கருவி, காத்திருந்த நேரம், சர்க்கரை அளவு எது மாறினாலும் எஸ்யூவி மாறும். 7 மி.மீ. முடிச்சில் 2.3 என்றால் உண்மையான அளவு அதைவிட அதிகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐபிஎம்என் கட்டிகளுக்கான (கணைய நாளத்தில் வளர்ந்து மியூசின் சுரக்கும், புற்றாக மாறக்கூடிய கட்டிகள்) 2017 ஃபுகுவோகா வழிகாட்டுதலின்படி, கான்ட்ராஸ்ட் ஏறும் முடிச்சு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலே அது உயர் ஆபத்து அறிகுறி. அதற்குப் பக்கத்தில் நம் ‘தீங்கற்றது’ நிற்குமா?

இன்னொன்று. புற்றாக மாறுவதற்குச் சற்று முந்தைய நிலையில், அதாவது ஹை கிரேட் டிஸ்பிளேசியாவில், பல கட்டிகள் ஒளிர்வதே இல்லை. கட்டியை எடுத்துவிட ஏற்ற கட்டமே அதுதான். ரிப்போர்ட்டில் ‘தீங்கற்றது’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அடுத்த எம்ஆர்ஐக்கு வரமாட்டார். வரச் சொல்லி யார் கூப்பிட்டாலும், “பெட் ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த ரிப்போர்ட்டை இப்படி மாற்றினோம்: “சுவர் முடிச்சில் லேசாக எஃப்டிஜி ஏறியுள்ளது. முடிச்சின் அளவு சிறியது என்பதால் இது குறைவாகக் காட்டப்பட்டிருக்கலாம். புற்றை மறுக்க இயலாது. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் தேவை.” எதுவுமே ஒளிராத கட்டிக்கும் ‘புற்றை மறுக்க இயலாது’ என்ற வரி இருக்கட்டும்.

ஒளிர்ந்தால் புற்று என்று பதறுவது

கணைய அழற்சி, சீழ் பிடித்த போலி நீர்க்கட்டி (அழற்சிக்குப் பின் திரவம் தேங்கி உருவாவது), ஆட்டோஇம்யூன் பேன்கிரியாடைடிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குவது) எல்லாமே ஒளிரும். சில நாள் முன்பு ஊசி போட்டுத் திரவம் எடுத்திருந்தாலோ, பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தாலோ அந்த இடமும் ஒளிரலாம். எப்போது என்ன செய்தார்கள் என்று தேதியோடு கேளுங்கள். இளம்பெண்ணுக்குப் பாதி திடமும் பாதி திரவமுமாக ஒரு கட்டி பளிச்சென்று எரிந்தால், சாலிட் சூடோபேப்பிலரி கட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வு பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடும்.

மெட்ஃபார்மினைக் கேட்க மறப்பது

இந்தச் சர்க்கரை நோய் மாத்திரையைச் சாப்பிடுபவருக்குக் குடல் ஒளிர்ந்து, அந்த ஒளிர்வு படத்தில் கணையத்தின் மேல் படியும். 48 மணி நேரம் நிறுத்த முடியுமா என்று சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சிஇஏ அளவைப் புற்றின் அளவாகப் படிப்பது

சிஇஏ ஒரு புரதம். கட்டித் திரவத்தில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் என்றால் மியூசின் கட்டியாக இருக்கலாம் என்று பொருள். அவ்வளவுதான்.

தெளிவான சீரஸ் கட்டிக்கும் பெட் எடுப்பது

வேண்டாம். நீர் போன்ற திரவம் நிறைந்த இந்தக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது.

எல்லாவற்றுக்கும் எஃப்டிஜியே போதும் என்பது

கட்டியின் விளிம்பு தடிமனாக இருந்து, சிடியின் ஆர்ட்டீரியல் கட்டத்தில் (கான்ட்ராஸ்ட் தமனிகளில் நிறைந்திருக்கும் நேரம்) பளிச்சிட்டால் நியூரோஎண்டோகிரைன் கட்டியாக, அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றும் கட்டியாக இருக்கலாம். அதில் எஃப்டிஜி ஏறாமலே போகலாம். அப்போது கேலியம் 68 டோட்டாடேட் ஸ்கேனைக் கேளுங்கள். அதுவும் பெட் ஸ்கேன்தான், ஆனால் இவ்வகைக் கட்டிகளில் ஒட்டும் வேறொரு மருந்தைப் போட்டு எடுப்பது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: கணையத் தலையின் அன்சினேட் பகுதி, எந்த நோயும் இல்லாதவருக்கே டோட்டாடேட்டில் ஒளிரலாம். அந்த இடத்தில் சிடியில் கட்டி இல்லாவிட்டால், இருப்பதாக எழுதாதீர்கள்.