பாஞ்சோ யுகுலேலே: முதலில் தந்தியை அடக்குங்கள், அப்புறம் கார்டு

பாஞ்சோ யுகுலேலேயில் (பாஞ்சோ போலத் தோல் போர்த்திய உடலும் நான்கு தந்திகளும் உள்ள சின்ன வாத்தியம்) புது ஸ்ட்ரம்மிங், அதாவது தந்திகளின் குறுக்கே கையை வீசி வாசிப்பது, பழகும்போது கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களால் தந்திகளை அழுத்துவது) பிடிக்காதீர்கள். இடது கையின் மூன்று விரல்களை நான்கு தந்திகளின் மேலும் அழுத்தாமல் லேசாகப் படியவிட்டு, வலது கையை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு விரல் போதாது. அது 5, 7, 12-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) நேர்மேலே பட்டால் மணி மாதிரி ஓர் ஒலி கிளம்பிவிடும்.

இந்த வாத்தியத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நிற்பது தோலின் மேல். அதனால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், தாளப் பிசகு எதையும் மறைக்காது. தந்தியை அடக்கினால் 'சக் சக்' என்று தாளம் மட்டுமே மிஞ்சும், பிசகு எங்கே என்று காது உடனே பிடித்துவிடும். ஆங்கிலேய நகைச்சுவைப் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பியின் வாசிப்பால் புகழ்பெற்ற ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்குக்கு (எல்லாத் தந்திகளையும் வீசுவதற்கு நடுவே ஒற்றைத் தந்தியைத் தொடும் வீச்சு முறை) இது ரொம்பவே உதவும். அதன் உயிர் 3-3-2 அழுத்தம்: 'தகிட தகிட தக' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையைக் கீழும் மேலுமாக நிறுத்தாமல் வீசுங்கள். இரண்டாவது 'தகிட' மேல்வீச்சில் தொடங்குகிறது. எனக்குத் தெரிந்து கை தடுமாறுவது அங்கேதான், அதனால் அதை மெதுவாக நிறையத் தடவை செய்யுங்கள்.

ஆனால் ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்கில் முதல் தந்தியை மட்டும் அல்லது நான்காவதை மட்டும் தொடும் வீச்சுகளுக்கு இது சரிவராது. எந்தத் தந்தி பட்டது என்றே கேட்காது. தாளம் கையில் நின்றதும் அதற்குத் தந்தியைத் திறந்துவிடுங்கள். கட்டைவிரல் மீட்டும் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டிய கிளாஹேமர் என்ற பாஞ்சோ பாணிக்கும் இந்த முறை வேண்டாம்.