வீட்டிலேயே செராமிக் கோட்டிங்: நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற முறை

செராமிக் கோட்டிங் என்பது கார் பெயின்ட் மேல் தடவி இறுகவிடும் திரவப் பூச்சு. அதன் பாட்டில் எதை எடுத்தாலும் மேலே ‘9ஹெச்’ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 9ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் உச்ச அளவு. 9ஹெச் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று யாராவது சொன்னால், இந்தப் பென்சில் அளவையும், வைரத்துக்குப் பத்து கொடுக்கும் கனிமங்களின் மோஸ் அளவையும் போட்டுக் குழப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் இந்தப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதற்கு அடியில், பெயின்ட்டின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் நாற்பது, ஐம்பது மைக்ரான் இருக்கும். ஆகவே லாரி சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லையோ, பைக் ஹேண்டில் உரசலையோ கோட்டிங் தடுக்காது. அதற்குத் தடிமனான பி.பி.எஃப். (பெயின்ட்டைக் காக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டவேண்டும்.

கோட்டிங்கால் கிடைப்பது வேறு. சேறும் தூசும் ஒட்டிப் பிடிக்காது, கழுவுவது பாதி வேலையாகிவிடும், பறவை எச்சம் பெயின்ட்டை அரிப்பதற்குள் துடைத்தெடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், பளபளப்பும் கூடும். இவ்வளவு போதும் என்றால் தொடங்கலாம்.

இடமும் நேரமும்

பெரும்பாலான பாட்டில்களின் குறிப்பு 20 டிகிரி வெப்பமும் மிதமான ஈரப்பதமும் உள்ள இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ அப்படியொரு நாள் கிடைப்பது அபூர்வம். கோட்டிங்கில் இருக்கும் கரைப்பான் வெப்பத்தில் சீக்கிரம் ஆவியாகும். மீதமிருக்கும் பிசின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. சூடும் புழுக்கமும் சேர்ந்தால் இரண்டுமே வேகமெடுக்கும். குறிப்பில் இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் இங்கே அரை நிமிடத்திலேயே துடைக்கவேண்டி வரலாம். வீட்டில் போட்டுக் கெடுத்துக்கொள்பவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கடலோர ஊர்களில் மழைக்காலம் ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தோதான காலம். கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னும் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கும். முதல் நாள் கழுவி, பாலிஷ் போட்டு முடித்துவிடுங்கள். மறுநாள் காலை பனி விலகியபின், வெயில் ஏறுவதற்குள் கோட்டிங். புறங்கையை பானட் மேல் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்தால்கூட ஆறும்வரை பொறுங்கள். மூடிய ஷெட் கட்டாயம் வேண்டும். திறந்த போர்டிகோவில் போட்டால் அன்றிரவே பனித்துளி இறங்கி, காயாத படலத்தில் வட்டம் வட்டமாகத் தடம் பதித்துவிடும். ஷெட் கிடைக்காவிட்டால் போடாமல் இருப்பதே மேல். தரையை முதல் நாளே பெருக்கித் துடைத்துவிடுங்கள். கோட்டிங் போடும் நேரத்தில் கார் மீது ஃபேன் வேண்டாம், அது தூசியைக் கிளப்பும்.

வேண்டிய பொருள்கள்

ஸ்விஃப்ட், ஐ20 அளவுள்ள காருக்கு ஒரு கோட் அடிக்க 30 மில்லி போதும், மிச்சமும் இருக்கும். எஸ்.யூ.வி. என்றால் 50 மில்லி வாங்குங்கள். பாட்டிலோடு வரும் ஸ்பாஞ்ச் கட்டையும் அதன்மேல் சுற்றும் ஸ்வேட் துணி ஒன்றிரண்டும் பற்றாது. 10 சென்டிமீட்டர் சதுரத் துணி பத்தாவது தனியாக வாங்குங்கள். துடைப்பதற்கு 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (துணியின் கனத்தைச் சொல்லும் எண்) வரையுள்ள, இழை குட்டையான, ஓரம் தைக்காத மைக்ரோஃபைபர் துணி பத்து, பன்னிரண்டு. குளியல் டவல் போலப் புசுபுசுவென்று இருப்பது இந்த வேலைக்கு உதவாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர், நைட்ரைல் கையுறை, கரி ஃபில்டர் வைத்த முகக்கவசம், மாஸ்கிங் டேப், நல்ல எல்.இ.டி. டார்ச். கரைப்பான் எளிதில் தீப்பற்றும். பூஜை விளக்கோ சிகரெட்டோ பக்கத்தில் கூடாது, ஷெட்டில் காற்று போகச் சின்ன வழியாவது இருக்கவேண்டும். பாலிஷ் போட, சுழன்றபடியே ஊசலாடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் தேவை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கிரைண்டர் மாதிரியான ரோட்டரி மெஷினைப் பழக்கமில்லாமல் தொடாதீர்கள், ஓரங்களில் பெயின்ட்டையே எரித்துவிடும்.

கழுவுவதும் களிமண்ணும்

முதலில் ஃபோம் அடித்து ஊறவிட்டு அலசுங்கள். பிறகு இரண்டு பக்கெட் முறை: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கழுவும்போது கையில் மாட்டும் துணிக் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்கவேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். வாக்ஸ் கலந்த ஷாம்பு வேண்டாம்.

அடுத்து அயர்ன் ரிமூவர். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளங்களிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள்கள் பெயின்ட்டில் குத்தி நிற்கும். இதை அடித்ததும் அவை ஊதா நிறத்தில் வழியும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். மூன்று, நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் நன்றாக அலசுங்கள். கதவுகளின் அடிப்பகுதியில் தார்ப்புள்ளி இருந்தால் தார் ரிமூவர்.

கையில் மெல்லிய பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பு கவர் வழியாகத் தெளிவாகத் தெரியும். அந்த இடங்களில் ஒட்டிய துகள்களைப் பிடுங்கியெடுக்கும் களிமண் கட்டியான கிளே பாரில் மென்மையான ரகத்தை, லூப்ரிகன்ட் (வழுக்கும் திரவம்) தாராளமாக அடித்து, அழுத்தாமல் தேயுங்கள். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கிளே தரையில் விழுந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், பானட் முழுக்கக் கோலம் போட்டுவிடும்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு காருக்குச் சரியாக வரும். துடைத்தபின் கண்ணாடி மடிப்பு, கைப்பிடி, நம்பர் பிளேட், டிக்கி லோகோ ஆகியவற்றின் இடுக்குகளில் பிளோயர் அடியுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு, மறுநாள் ஈரக் கோட்டிங் மீது கோடாக இறங்கும்.

பாலிஷ்

கோட்டிங் எதையும் மறைக்காது. அடியில் சிலந்திவலைக் கீறல் இருந்தால் அதுவும் சேர்ந்து பளபளக்கும், எடுக்க நினைத்தால் கோட்டிங்கையும் தேய்த்தாகவேண்டும். புதுக் கார்தானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஷோரூம் யார்டில் அழுக்குத் துணியால் துடைத்த கீறல்கள் டெலிவரி அன்றே இருக்கக்கூடும். டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது. பானட்டில் 50 சென்டிமீட்டர் சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். மென்மையான பேட், நைஸ் பாலிஷ் நாலைந்து சொட்டு, மெஷினின் வேக எண் நான்கு அல்லது ஐந்து. மெதுவாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி நான்கு முறை ஓட்டுங்கள். கீறல் போதுமான அளவு குறைந்தால் கார் முழுக்க அதே கூட்டணி. குறையாவிட்டால் மட்டும், பாலிஷைவிடக் கூடுதலாகத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டுக்குப் போங்கள். எல்லாக் கீறலையும் எடுத்தே தீருவேன் என்று இறங்கக் கூடாது. கிளியர் கோட் போனால் போனதுதான். மடிப்பு முனைகளிலும் ஓரங்களிலும் பெயின்ட் மெல்லிசு, அங்கே மெஷினை நிறுத்தவே வேண்டாம். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவாமல் ஒரே இடத்தில் தேங்கும், வேகத்தைக் குறையுங்கள்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கேஜ் இரவல் கிடைத்தால் உலோகப் பகுதிகளை அளந்துகொள்ளுங்கள். மற்ற இடங்களைவிட ஒரு கதவில் மட்டும் அளவு எகிறினால் அது திரும்பப் பெயின்ட் அடித்த கதவு. அண்மையில் அடித்தது என்றால் குறைந்தது ஒரு மாதமாவது ஆறவிட்ட பிறகே கோட்டிங்.

பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கி அவற்றை மறைக்கும், கோட்டிங்கையும் ஒட்டவிடாது. ஒரு பங்கு ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, துணியில் தெளித்து, ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, துணியைத் திருப்பி மீண்டும் துடையுங்கள். ஆல்கஹாலைக் கூட்டினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு. நம் சூட்டில் அது எண்ணெயைக் கரைப்பதற்குள் பறந்துவிடும், காய்ந்த துணியால் தேய்த்து நீங்களே புதுக் கீறல் போடுவீர்கள். இதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது.

கோட்டிங் போடுவது

முதலில் பானட்டில் கை வைக்காதீர்கள். பின்கதவின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, அன்றைய வெப்பத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்வேட் துணி சுற்றிய கட்டையில் முதல் முறை பத்துச் சொட்டு. துணி ஊறிய பிறகு ஐந்தாறு போதும். குறிப்பில் 60 சென்டிமீட்டர் சதுரம் என்று போட்டிருந்தாலும் இங்கே 40-க்கு மேல் போகாதீர்கள். பானட்டை ஆறு பங்காக, கதவை இரண்டு மூன்று பங்காக மனதுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் இடவலமாக, அப்புறம் மேலும் கீழுமாக, அழுத்தாமல், விட்டுப்போகாமல் தடவுங்கள்.

இப்போது கடிகாரத்தைவிடக் கண் முக்கியம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தடவியவுடன் ஈரப் பளபளப்பு இருக்கும். கரைப்பான் பறக்கப் பறக்க, தேங்கிய தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரிவது போன்ற வானவில் நிறம் பரவும். பிறகு மேற்பரப்பு வியர்த்த மாதிரி பொடிப்பொடியாகத் திரளத் தொடங்கும். வானவில் பரவி முடிந்து வியர்வை தொடங்கும் நேரமே துடைக்கும் நேரம். 32 டிகிரியில், புழுக்கமான காலையில், பல கோட்டிங்குகளுக்கு இது 20 முதல் 40 வினாடிக்குள் வந்துவிடும். முந்தித் துடைத்தால் போட்டது முழுக்கத் துணியோடு வந்துவிடும். பிந்தினால் துணி இழுக்கும், பிசுபிசுக்கும், திட்டு நிற்கும். அப்படி இழுத்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அதே இடத்தில் இன்னும் இரண்டு சொட்டு தடவினால் இளகும், உடனே துடைத்துவிடலாம்.

துடைக்க இரண்டு துணி. முதல் துணியால் லேசாக வழித்துச் சமப்படுத்துங்கள், இரண்டாவதால் மெருகேற்றுங்கள். நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்தை மாற்றுங்கள். விறைத்துப்போன துணியை ஒதுக்கிவிடுங்கள். ஸ்வேட் துணியை ஒவ்வொரு பேனலுக்கும் மாற்றுவது நல்லது. கோட்டிங் அதில் கண்ணாடித் தூள் போல இறுகிப் பெயின்ட்டைக் கீறும். அதனாலேயே இந்தத் துணிகள் எதையும் துவைத்துத் திரும்ப கார் மீது பயன்படுத்தக் கூடாது.

ஒவ்வொரு பேனலும் முடிந்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, வேறு கோணங்களிலிருந்து டார்ச் அடியுங்கள். கதவு இடைவெளி, கைப்பிடிக் குழி, லோகோ ஓரம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் திட்டு ஒளிந்திருக்கும். வெள்ளை, சில்வர் கார்களில் நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பெயின்ட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கண்டால் புதுச் சொட்டு வைத்து இளக்கி எடுக்கலாம். மறுநாள் கண்டால் அந்த இடத்தை பாலிஷ் போட்டு எடுத்து, மீண்டும் கோட்டிங் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முன்கண்ணாடியில் இதைப் போடாதீர்கள், வைப்பர் தடதடக்கும். பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது. ஹெட்லைட்டில் போடலாம். இரண்டாவது கோட் போடுவதாக இருந்தால் பாட்டிலில் சொன்ன இடைவெளியைப் பின்பற்றுங்கள். அதனால் கிடைக்கும் பெரிய பலன், முதல் கோட்டில் விட்டுப்போன இடங்கள் மூடுவதுதான். ஐந்து லேயர், ஏழு லேயர் என்று விலை சொல்வதையெல்லாம் நம்பவேண்டியதில்லை. திறந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் போய்விடும். மிச்சத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தால் படிகம் கட்டும், அதைக் காரில் தடவாதீர்கள்.

போட்ட பிறகு

24 மணி நேரம் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அதன்பின் வெயிலில் நிறுத்தலாம், சூட்டில் படலம் இன்னும் இறுகும். ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம், கார் கவரும் வேண்டாம். அதற்குள் காக்கை எச்சமிட்டால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள்.

அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து கார் துடைப்பவரிடம் உங்கள் காரைத் தொடவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தத் துணியில் இருக்கும் மணலுக்கு எந்தக் கோட்டிங்கும் ஈடுகொடுக்காது. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுவதும் அதே அளவுக்குக் கெடுதல். கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு சுண்ணாம்பு வளையத்தை விட்டுச் செல்லும். நிழலில் கழுவி உடனே துடையுங்கள். வளையம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு படலத்தை அரித்துவிட்டது, பாலிஷ் போட்டால்தான் போகும்.

சில மாதம் கழித்துத் தண்ணீர் முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவினால் கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் மேலே உப்பும் புகையும் படிந்து அடைத்திருக்கும். பி.எச். நடுநிலையான ஷாம்புவால் கழுவி, அயர்ன் ரிமூவர் அடித்து, மேலே சொன்ன வினிகர் கலவையால் ஒரு கதவை மட்டும் துடைத்து அலசிப் பாருங்கள். முத்து திரும்பி வந்தால் மற்ற பகுதிகளுக்கும் அதையே செய்து, கோட்டிங்கைப் பராமரிக்கும் சிலிக்கா ஸ்ப்ரே ஒன்றை மேலே அடித்தால் போதும். வராவிட்டால் அந்தக் கதவில் படலம் தேய்ந்துவிட்டது. அந்தப் பேனலை மட்டும் பாலிஷிலிருந்து தொடங்கித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், முழுக் காரையும் கலைக்கவேண்டியதில்லை.